பதினோரு நிலையங்களுக்குப் பதில் இல்லை

பச்சிலைத் தூளில் குளிர்ந்த நீர் ஊற்றிக் குடிக்கிற தெரெரேவுக்கு ஐஸ் எவ்வளவு போடுவது என்பதில் எங்கள் அலுவலகத்தில் எப்போதும் இரண்டு கட்சி. நான் நிறையப் போடுகிற கட்சி. எங்கள் தலைநகரம் அசுன்சியோனின் பிப்ரவரி வெயிலுக்குக் கால் ஃபிளாஸ்க் ஐஸ் எந்த மூலைக்கு? காலை பத்து மணிக்கு என் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல். ஊற்றுவது நான்தான். குடித்தவர் "நன்றி" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் போதும் என்று அர்த்தம், அதற்குமேல் அவருக்கு ஊற்றக் கூடாது. சொல்லாதவரை குவளை அவரிடம் போய்க்கொண்டே இருக்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேடம், விசாரணையில் முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டீர்கள். நான் ஊற்றுகிற ஆள். பதினாறு வருடமாக அதே நாற்காலி.

பெயர் தெர்லிஸ் பாரெய்ரோ. தீவிர சிகிச்சைப் படுக்கைகளை ஒதுக்குகிற மையத்தில் டேட்டாபேஸும் ஃபயர்வாலும் என் பொறுப்பு. முன்பு இரண்டு பேர் இருந்தோம். இன்னொருவர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அவரை வழியனுப்ப வெட்டிய கேக்கில் எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள், கூடவே அவர் வேலையையும் கொடுத்தார்கள். எங்கே எது நின்றாலும் என்னைத்தான் இன்ஜினியர் என்று கூப்பிடுவார்கள். நான் இன்ஜினியர் இல்லை. படிப்பை மூன்றாவது வருடத்தில் விட்டவன். அதைத் திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எங்கள் மையத்தின் வேலை எளிமையானது. நாட்டில் எந்த மூலையில் யாருக்கு உடம்பு மோசமானாலும், அங்கே இருக்கிற சுகாதார நிலையம் கம்ப்யூட்டரில் ஒரு கோரிக்கை அனுப்ப வேண்டும். வந்த வரிசையிலும் நோயின் தீவிரத்திலும் படுக்கை கிடைக்கும், தூரமான இடமாக இருந்தால் விமானமும் போகும். போனில் கேட்கக் கூடாது. அந்தத் தடை நல்ல காரணத்துக்காக வந்தது. முன்பெல்லாம் போன்தான். செனட்டர் ஒருவருடைய மைத்துனருக்குக் கால் சுளுக்கியதற்குத் தீவிர சிகிச்சைப் படுக்கை கிடைத்த காலம் அது. சிபாரிசு ஒழிய வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டருக்கு மைத்துனர் கிடையாது என்று எங்கள் இயக்குநர் டாக்டர் நிமியா காந்தேரோ ஒரு கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உண்மையாகவே தட்டினேன்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. கோரிக்கை போட்டுவிட்டால் பதில் வரும்வரை நோயாளியை வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது. விமானம் வந்து இறங்கும்போது நோயாளி லாரியில் எங்கோ போய்க்கொண்டிருந்தால் என்ன செய்வது? நியாயமான ஒழுங்குதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெங்கு தொடங்கிய இரண்டாவது வாரம் டேட்டாபேஸ் மெதுவானது. மெதுவானது என்றால், தலைநகர மருத்துவமனைகளில் ஒரு படுக்கை காலி என்று குறிக்க நான்கு நிமிடம். எல்லாருக்கும் அது என் குற்றம். காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் போன். "இன்ஜினியர், சிஸ்டம் ஸ்லோவா இருக்கு." இந்த நான்கு வார்த்தையைப் பதினாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. யாரும் எங்கே ஸ்லோ, எப்போதிலிருந்து ஸ்லோ என்று சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலிக்காரன்கூட வலி எந்தப் பக்கம் என்று சொல்வான்.

முறையாகத்தான் தேடினேன். டிஸ்க் பார்த்தேன், நினைவகம் பார்த்தேன், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு பெயர் திரும்பத் திரும்ப முதலில் நின்றது. லகுனா மொரோத்தி. நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியான சாக்கோவின் உள்ளே, சாலை முடிந்து, அதற்கும் அப்பால் இருக்கிற சுகாதார நிலையம். ஒரு நர்ஸ், ஒரு கம்ப்யூட்டர், கூரையில் ஒரு செயற்கைக்கோள் தட்டு. அந்த மெல்லிய இணைப்பில் எக்ஸ்ரே படத்தோடு ஒரு கோரிக்கை ஏறி முடிய ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் படுக்கைப் பதிவேட்டை அது பூட்டி வைத்திருக்கும். பின்னால் நாடே நிற்கும். ஒற்றைப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி போவதுபோல.

டாக்டர் காந்தேரோவிடம் சொன்னேன். அந்த நிரலை எழுதிய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பூட்டும் முறையை மாற்றச் சொல்ல வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே யாரும் யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்வதில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார்கள், வரமாட்டார்கள். யாருக்கும் மனவருத்தம் இல்லை. அது எங்கள் மரியாதை. என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

ஃபயர்வாலில் அன்று நாற்பத்தேழாவது விதியை எழுதினேன். லகுனா மொரோத்தியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கிற விதி. இரண்டு நாளைக்கு மட்டும், தலைநகரம் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று. பக்கத்தில் "தற்காலிகம்" என்று குறிப்பும் போட்டேன். தடுப்பதில் இரண்டு வகை உண்டு, மேடம். ஒன்று, வருகிறவருக்கு அனுமதி இல்லை என்று பதில் அனுப்பித் திருப்புவது. அந்தப் பக்கம் உடனே சிவப்பு எழுத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று, வந்ததைக் காதில் வாங்காமல் அப்படியே கீழே போட்டுவிடுவது. அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஏன் என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்து முரட்டுத்தனமாகப் பட்டது. அவ்வளவுதான்.

அன்று மதியமே சிஸ்டம் வேகமானது. நான்கு நாள் ஒருவரும் போன் செய்யவில்லை. அந்த நான்கு நாள் எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு நாளுக்கு என்று போட்ட விதியை எடுக்க வேண்டும் என்ற நினைவு வந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஐந்தாம் நாள் லகுனா மொரோத்தியின் நர்ஸ் கூப்பிட்டார். சுனில்தா என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், குரலில் எப்போதும் ஒரு கிண்டல். படுக்கை கேட்கத்தான் போன் கூடாது, கம்ப்யூட்டர் கோளாறு சொல்ல என்னைக் கூப்பிடலாம்.

"இன்ஜினியர் தம்பி, இந்தச் சனியன் சுத்திக்கிட்டே இருக்கு. போகவும் மாட்டேங்குது, போகலன்னும் சொல்ல மாட்டேங்குது."

"லைன் மெதுவா இருக்கும்க்கா. மழை வேற. விட்டுடாதீங்க, அது தானா அனுப்பிக்கும்."

"மழையா? எங்க ஊர்ல மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு. உங்க ஊரு மழைக்கு என் லைன் நனையுதா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டார். வட்டம் மறுபடி சுற்றியது. சுற்றினால் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்கு மறுநாள் சிஸ்டம் மறுபடி மெதுவானது. பட்டியலை எடுத்தேன், இப்போது வேறு பெயர்கள் முதலில் நின்றன. அவையும் சாக்கோவின் தொலைதூர நிலையங்கள்தான். விதியில் இரண்டைச் சேர்த்தேன். மூன்று நாள் தாங்கியது. பிறகு இன்னும் மூன்று, பிறகு ஐந்து. மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் வேகம், பிறகு பழையபடி. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் இறங்கி ஏறுமே, அந்த மாதிரி. மாத்திரை இருக்கிறது என்று தெரிந்தபிறகு யார் காரணத்தைத் தேடுகிறார்கள், அதுவும் போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது.

பதினோரு நிலையங்களிலிருந்தும் எதுவும் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லையா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். கவனித்தார்கள். சாக்கோவில் நோய் குறைந்துவிட்டது என்று டாக்டர் காந்தேரோ பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இயக்குநர் கூடத்தில் மாட்டியிருந்த பெரிய திரையில் சாக்கோ முழுக்கப் பச்சையாக இருந்தது.

அந்தத் திரையைப் பற்றி இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். நாட்டின் வரைபடம், எங்கே படுக்கை நிறைந்திருக்கிறதோ அங்கே சிவப்பு, மற்ற இடம் பச்சை. ஐந்து வினாடிக்கு ஒருமுறை மாறும். அமைச்சர் வந்து அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். யார் செய்தது என்று கேட்டார். நம்ம இன்ஜினியர்தான் என்று டாக்டர் காந்தேரோ என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். பதினாறு வருடத்தில் என் பெயரை ஒரு அமைச்சர் கேட்டது அந்த ஒரு நாள்தான். திரை டெங்குவின் முதல் வாரக் கடைசியில் மாட்டப்பட்டது.

மாத இறுதியில் ஒரு வியாழக்கிழமை காலை, தரை துடைக்கிற லிப்ராதாக்கா பாலிஷ் மெஷினைச் செருக இடம் இல்லாமல் அந்தத் திரையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். நான் அப்போது என் மேசையில் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருந்த எழுபது பேரும் ஒரே மூச்சில் கரைந்து போனார்கள். சிஸ்டம் பறந்தது. இருபது நிமிடம் அப்படி இருந்தது. லிப்ராதாக்கா துடைத்து முடித்து பிளக்கை மாட்டினார், மறுபடி காத்திருப்புப் பட்டியல் நீண்டது.

உட்கார்ந்து பார்த்தேன். அந்தத் திரைக்காக டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்கும் கட்டளையை நான் எழுதியபோது, இன்றைய கணக்கை மட்டும் பார்க்கச் சொல்வதற்குப் பதிலாக ஆறு வருடப் பதிவேட்டையும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை முதலிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தேன். அவசரத்தில் விட்டுப்போன ஒரு வரி. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அது புரட்டிக்கொண்டிருக்க, லகுனா மொரோத்தியும் மற்றவர்களைப்போல அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது. பூட்டை வைத்திருந்ததால் முதலில் தெரிந்தது, அவ்வளவுதான். ஆறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் என்னுடையது.

அந்த வரியை அன்றே சேர்த்தேன். அதைக் கவனியுங்கள். தவறு தெரிந்த அரைமணி நேரத்தில் திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. சிஸ்டம் அன்றிலிருந்து இன்றுவரை மெதுவாகவில்லை.

நாற்பத்தேழாம் விதியை எடுக்கவில்லை.

எடுக்கலாம் என்று கை வைத்தேன். பிறகு யோசித்தேன். நிலையங்களில் இருக்கிற நிரல் போகாத கோரிக்கைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வழி திறந்ததும் தேதியோடு கொட்டும். மூன்று வாரத்துக் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து விழும். பச்சையாக இருந்த சாக்கோ அமைச்சர் படம் எடுத்த திரையில் ஒரே நிமிடத்தில் சிவப்பாகும். ஏன் என்று கேட்பார்கள். முதலில் விதியைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு விதி எதற்கு என்று, கடைசியில் திரையைப் பற்றி. எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சுனில்தாக்கா நேரில் வந்து நின்றார். பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். செருப்பெல்லாம் சாக்கோ மண். கையில் பஸ் நிலையத்தில் வாங்கிய சீப்பா ரொட்டிப் பொட்டலம், இன்னும் சூடாக இருந்தது, எங்களுக்காக வாங்கியது. பத்து மணி ஆகியிருந்தது. வட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டேன். ஐஸை இப்படிக் கொட்டுகிறாயே, பல் கூசாதா என்று கேலி செய்தார். மற்றவர்கள் குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போன பிறகு பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார்.

ஒவ்வொரு கோரிக்கையையும் கையால் எழுதி வைத்திருந்தார். தேதி, பெயர், வயது. முப்பத்தொரு பெயர். பத்தொன்பது பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்னதாகச் சிலுவை. மற்றவர்கள் தாங்களாகத் தேறியவர்கள், ஒரே ஒரு பெயரைத் தவிர. கடைசிப் பெயர் நில்சா, ஆறு வயது, மூன்று நாளைக்கு முந்தைய தேதி. பக்கத்தில் எதுவும் இல்லை.

"தம்பி, இதெல்லாம் இங்க வந்துச்சா, வரலயா? ஒரு வார்த்தை சொல்லு போதும்."

நான் ஃபிளாஸ்க்கில் இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டேன்.

"வரலன்னா வரலன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் சண்டை போட வரல. நாலு மணி நேரத்துல பால்பண்ணைக் காலனிக்காரங்களோட ஆஸ்பத்திரி இருக்கு, அவங்க பால் லாரி தெனம் போகுது. ஏத்தி விட்டுடுவேன். கேட்டிருக்கோம், பதில் வரும்னுதான் ஒவ்வொருத்தரையும் கட்டில்ல போட்டு உக்காந்திருக்கேன். இந்தப் புள்ளைய இன்னிக்கு ஏத்தினாலும் பொழைச்சுக்கும்."

பால் லாரி விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை பத்தே முக்கால் மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

குவளையை நிரப்பி அவரிடம் நீட்டினேன். "பாக்கலாம்க்கா," என்றேன்.

அவர் குவளையை வாங்கிக்கொண்டார். பிறகு குடித்தார், அடி வரைக்கும், குழல் சத்தம் போடும்வரை. குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நன்றி," என்றார்.

இரண்டே சுற்றுதான் ஆகியிருந்தது. அவ்வளவு தூரம் வெயிலில் வந்தவர் இரண்டு சுற்றில் நிறுத்துவதில்லை. எனக்குப் புரியாமல் இல்லை, எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சீப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நோட்டை எடுத்துப் போய்விட்டார். அதுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

அன்று மதியமே வேலையை முடித்தேன். உள்ளே வரும் வழியைத்தான் அடைத்திருந்தேன், இங்கிருந்து வெளியே போக எனக்கு வழி இருந்தது. பதினோரு நிலையங்களின் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் ஒவ்வொன்றாகப் போய், காத்திருந்த கோரிக்கைகளை எல்லாம் அழித்தேன். மொத்தம் நூற்று எண்பத்தாறு. பெயர்களைப் படிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். நில்சா என்ற பெயர் மட்டும் கண்ணில் பட்டது. அதைத் தனியாக விட்டால் ஏன் ஒன்று மட்டும் மூன்று நாள் தாமதம் என்று கேட்பார்கள். கோரிக்கைகள் தீர்ந்துவிட்டால் அந்த நிரல் தானாகவே பச்சை எழுத்தில் "எல்லாம் அனுப்பப்பட்டது" என்று காட்டும். அதை நான் எழுதவில்லை, அது நிறுவனம் எழுதியது. பிறகு நாற்பத்தேழாம் விதியை எடுத்தேன். வழி திறந்தது. எதுவும் வந்து கொட்டவில்லை. சிஸ்டம் சீராக இருந்தது.

மறுநாள் காலை ஊர் போய்ச் சேர்ந்ததும் சுனில்தாக்கா கூப்பிட்டார். அந்தக் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதே இல்லை. எல்லாம் போய்விட்டது, பச்சை காட்டுகிறது, நேற்று உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன் தம்பி, மன்னித்துக்கொள் என்றார். புறப்பட நின்ற பால் லாரியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். ஓடுபாதையில் மேயும் மாடுகளை விரட்ட ஆள் போட்டிருக்கிறாராம்.

"விமானம் எப்ப வரும்னு மட்டும் சொல்லு."

லாரி அப்போது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்துகிற தூரத்தில்தான் இருந்திருக்கும்.

"வரும்க்கா," என்றேன்.

அந்தப் பிள்ளை இரண்டு நாள் காத்திருந்தது, பிறகு அந்தப் பெயருக்குப் பக்கத்திலும் சிலுவை என்று நோட்டில் இருக்கிறதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அக்கா எழுதினால் சரியாகத்தான் எழுதுவார். விதி எழுதியது நான், அழித்தது நான், வேறு யாருக்கும் தெரியாது. டாக்டர் காந்தேரோவை விட்டுவிடுங்கள். லிப்ராதாக்காவையும் விட்டுவிடுங்கள், அவர் பிளக்கை மட்டும்தான் பிடுங்கினார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் என் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அத்தனை நாளில், அந்தப் பதினோரு நிலையங்களில், நான் ஒருவருக்குக்கூட இல்லை என்று சொன்னதில்லை.